வேலி தாண்டிய உயிர்

தன் கணவன் ரோமால்டைக் கொன்றது யார் என்று ஜெசிந்தாவுக்குத் தெரியும். அரசு அமைத்த விசாரணை ஆணையம் ‘இதை யாரும் முன்கூட்டிக் கணித்திருக்க முடியாது’ என்று அறிக்கை வாசித்தபோது, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மனிதரின் பின்னங்கழுத்தையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒழுங்காக முடி வெட்டிய, சுத்தமான கழுத்து. நுண்ணுயிர் அனுமதிக் குழுவின் தலைவர், டாக்டர் ஞானசிகாமணியின் கழுத்து. இனி அதைத் தொட யாருக்கும் அதிகாரமில்லை என்று சட்டம் சொல்லிவிட்டது.

விஷயம் தொடங்கியது ஒரு கப்பலில். தூத்துக்குடிக்குக் கிழக்கே எண்ணெய் ஏற்றி வந்த கப்பல் ஒன்று பாறையில் மோதிப் பிளந்து, கடல் தார் ஊற்றியது போலக் கறுத்துப்போனது. வலைகள் எல்லாம் கரையில் காய்ந்தன. அந்த நேரத்தில்தான் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி, எண்ணெயைத் தின்று வாழும் ஒரு நுண்ணுயிரை உருவாக்கி வைத்திருப்பதாகச் சொல்லி வந்தது. எண்ணெய்த்தின்னி என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன. அதைக் கடலில் விடலாமா கூடாதா என்று முடிவெடுக்க வேண்டிய குழுவில் ஜெசிந்தாவும் ஓர் உறுப்பினர்.

“சார், எண்ணெயும் கிட்டத்தட்ட கொழுப்பு மாதிரிதான்” என்று அவள் அந்தக் கூட்டத்தில் சொன்னாள். “நம்ம நுரையீரலுக்குள்ளயும் சோப்புத் தண்ணி மாதிரி மெல்லிசா ஒரு கொழுப்புப் படலம் இருக்கு. அது இல்லேன்னா மூச்சு இழுத்தாலும் நுரையீரல் விரியாது. கடல்ல எண்ணெய் தீர்ந்ததும் இது பட்டினி கிடக்கும். கோடி கோடியாப் பெருகுற உயிர் பட்டினி கிடந்தா, அதுல ஏதோ ஒண்ணு வேற சாப்பாட்டுக்குத் திரும்பும். கொஞ்ச காலம் சோதிச்சுப் பாத்துட்டு விடலாம்.”

ஞானசிகாமணி கோபப்படவில்லை. அவர் யார்மீதும் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. “கொஞ்சம் அப்படி இப்படி மாறும்மா. நான் இல்லேங்கல. ஆனா எண்ணெய் திங்கிறது எண்ணெய்தான் திங்கும். ஒவ்வொரு உயிருக்கும் ஒரு வேலி போட்டிருக்கு. அதை அது தாண்டாது.”

“யார் போட்ட வேலி சார்?”

“போட்டவர் போட்டார்” என்று அவர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். எல்லோருக்கும் ஊருக்குப் போகும் அவசரம். அனுமதி கிடைத்துவிட்டது.

கடல் சுத்தமானது உண்மை. ஞானசிகாமணிக்கு மாலை போட்டார்கள். அடுத்த மழைக்காலம் முடிந்து கடலில் எண்ணெய் என்ற பேச்சே இல்லாமல் போனபிறகு, சங்கு குளிக்கிறவர்கள்தான் முதலில் இருமினார்கள். பிறகு மீன் பிடிக்கிறவர்கள். வாயில் இளஞ்சிவப்பாக நுரை தள்ளியது. நுரைக்காய்ச்சல் என்றார்கள்.

ரோமால்ட் கொர்றேயா துறைமுகத்தில் இழுவைப் படகின் கேப்டன். பெரிய கப்பல்களைக் கயிறு போட்டு இழுத்துவந்து மாட்டைக் கட்டுவது போலக் கட்டிவிடுகிறவன். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போவான். மனைவி நுண்ணுயிர்களின் பரிணாமம் படித்தவள் என்பதில் அவனுக்கு ஒரு சங்கடமும் இல்லை. “ஆண்டவர் ஒரே நாள்ல செஞ்சா என்ன, ஆற அமரச் செஞ்சா என்ன? செஞ்சார்ல?” என்பான்.

அவனுக்கும் நுரைக்காய்ச்சல் வந்தது. மருத்துவமனைக் கட்டிலில் அவன் மூச்சை இழுத்தான், நெஞ்சு விரியவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினான். கடற்கரையில் பிறந்து வளர்ந்தவனுக்குத் தான் எப்படி இருக்கிறோம் என்று தெரிந்திருந்தது. “பாரு ஜெசி... கரையில போட்ட சீலா மீன் மாதிரி...” என்று சிரிக்கப் பார்த்தான். அதற்குமேல் அவனுக்குப் பேச்சு வரவில்லை.

அவன் நுரையில் இருந்ததை ஜெசிந்தா தன் கையாலேயே சோதித்தாள். எண்ணெய்த்தின்னியின் பேரப்பிள்ளைகளுக்குப் பேரப்பிள்ளைகள். எண்ணெயை மறந்து, மனிதக் கொழுப்பைத் தின்னப் பழகியவை. நானூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள்.

ஆணையத்தில் வழக்கறிஞர் கேட்டார்: “உங்க உறுப்பினர் எச்சரிச்சிருக்காங்க. எதை வெச்சு அதை ஒதுக்குனீங்க?”

“என் படிப்பை வெச்சு. அதோட என் விசுவாசத்தை வெச்சு. ரெண்டையும் நான் பிரிச்சுப் பாக்குறதில்ல” என்றார் ஞானசிகாமணி. “ஓர் உயிர் வேற உயிரா மாறும்னு நான் நம்பல. மாறும்போது யாரும் கண்ணால பாத்ததும் இல்ல.”

ஆணையம் அதற்கு ‘விஞ்ஞானக் கருத்து வேறுபாடு’ என்று பெயர் வைத்தது.

ஜெசிந்தா அன்று அழவில்லை. இவரைச் சிறையில் போட்டால் அங்கேயும் முழங்காலில் நின்று ஜெபம் செய்து நிம்மதியாக இருப்பார் என்று தோன்றியது. அடித்தால் வாங்கிக்கொள்வார், அவமானப்படுத்தினால் தேவனுக்காகப் பட்ட பாடு என்பார். இவரிடம் பிடுங்குவதற்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எதைக் காப்பாற்றுவதற்காக ரோமால்டைப் பலிகொடுத்தாரோ, அது.

‘கண்ணால பாத்ததில்ல’ என்றாரே. பார்க்க வைக்கிறேன் என்று முடிவுசெய்தாள்.

அதற்கு வருடங்கள் ஆயின. சாதாரண நுண்ணுயிர் இரண்டாகப் பிரிய இருபது நிமிடமாவது ஆகும். ஜெசிந்தா கட்டிய கண்ணாடித் தொட்டியில் சில நொடிகளே போதும். உயிர் தனக்கென்று சேர்த்துக் கட்டவேண்டிய உறுப்புகளையெல்லாம் முன்கூட்டியே தயாராக்கி ஊட்டிவிடும் வித்தை அது. ஒரு தலைமுறை பிறந்ததும் அதன் மரபணுவைப் படித்துத் திரையில் காட்டும். பல வருடக் கதை ஒரு வாரத்தில் ஓடிவிடும். மருந்து கண்டுபிடிக்க உதவும் என்று சொல்லித்தான் ஆய்வுநிலையத்தில் பணம் வாங்கினாள். உதவவும் செய்தது. ஆனால் ஒவ்வொரு குழாயையும் பொருத்தும்போது அவள் மனதில் இருந்தது அந்தச் சுத்தமான கழுத்துதான்.

ஞானசிகாமணி அப்போது ஓய்வுபெற்று, பாளையங்கோட்டையில், எல்லா உயிரையும் கடவுளே தனித்தனியாகப் படைத்தார் என்று பேசும் படைப்பியல் அறிஞர் மன்றம் என்று ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். டாக்டர்கள், இன்ஜினியர்கள், பௌதிகப் பேராசிரியர்கள் என்று நிறையப் படித்தவர்கள் அதில் இருந்தார்கள். அவர் பேச்சைக் கேட்கக் கூட்டம் அலைமோதும். அப்படி ஒரு கூட்டத்தில் கேள்வி நேரம் வந்ததும் ஜெசிந்தா எழுந்தாள்.

“சார், ஒரு உயிர் வேலி தாண்டுறதை உங்க கண் முன்னால காட்டினா ஒத்துக்குவீங்களா?”

அவளை அடையாளம் கண்டதும் அவர் முகம் வெளுத்தது. ஆனால் பின்வாங்கவில்லை. “நீங்க செஞ்ச மெஷின்ல நீங்க செஞ்ச உயிர் மாறினா, அதுக்கு மாத்தினவர் ஒருத்தர் உண்டுன்னுதானம்மா அர்த்தம்?”

“நான் தொடவே மாட்டேன். உயிரை நீங்க எடுத்துட்டு வாங்க. அன்னைக்குக் கடல்ல விட்டதோட மிச்சம் உங்க குழுவோட முத்திரையோட உறைபெட்டியில இன்னும் இருக்கு. நீங்களே உடைங்க. தண்ணி, தீனி, சூடு எல்லாம் நீங்களே வைங்க. சாவியும் உங்ககிட்டயே இருக்கட்டும்.”

கூட்டம் கைதட்டியது. அவர் கையமர்த்தினார். “வரேன். அது தாண்டினா, தாண்டிச்சுன்னு நானே ஊரறியச் சொல்லுவேன். பொய் சொல்ல எனக்கு அனுமதி இல்ல.”

அந்தக் கடைசி வார்த்தையை நம்பித்தான் அவள் வலை விரித்திருந்தாள். அவர் நேர்மையானவர் என்பது அவளுக்குத் தெரியும். நேர்மையில்லாதவனிடம் இந்தப் பழி பலிக்காது.

அவர் வந்தார். முத்திரைகளைக் கண்ணாடி போட்டுச் சரிபார்த்தார். கடல்நீரை அவரே கொண்டுவந்தார். தொட்டியின் ஒரு பாதியில் எண்ணெய், மறுபாதியில் ஆட்டு நுரையீரலிலிருந்து எடுத்த கொழுப்பு. நடுவில் குறுகலான பாதை. உயிர் எண்ணெய்ப் பக்கம் விடப்பட்டது. பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தினமும் காலையில் வருவார். பொழுது சாய்ந்தால் போவார்.

எதிர் நாற்காலியில் ஜெசிந்தா. ஒரு மத்தியானம் அவர் டிபன் டப்பாவைத் திறந்து, “இட்லி இருக்கு, சாப்பிடுதீங்களா?” என்றார். அவள் தலையசைத்து மறுத்தாள். பிறகு, கேட்கக் கூடாது என்று நினைத்திருந்ததைக் கேட்டுவிட்டாள்.

“இவ்வளவு படிச்சிருக்கீங்க. எல்லா ஆதாரமும் உங்களுக்குத் தெரியும். ஏன் சார் உங்களுக்கு இது இவ்வளவு முக்கியம்?”

அவர் டப்பாவை மூடினார். “எனக்கு ஒரு பையன் இருந்தான். ஸ்டான்லி. பிறக்கும்போதே தசையெல்லாம் தளர்ந்துபோகிற வியாதி. மரபணுவுல ஒரே ஒரு எழுத்துப் பிழை. ஒன்பது வயசு வரைக்கும் தூக்கிட்டே திரிஞ்சோம். அவன் போன அன்னைக்கு, பெரிய டாக்டர் ஒருத்தர், நல்ல மனுஷர்தான், தோள்ல கையை வெச்சு ஆறுதல் சொன்னார். ‘இயற்கை இப்படித்தான் சார் வடிகட்டும்’ன்னார்.”

தொட்டி மெல்ல முனகிக்கொண்டிருந்தது.

“நானும் அதுவரைக்கும் உங்களை மாதிரிதாம்மா பாடம் நடத்தினேன். அன்னைக்கு விட்டேன். வடிகட்டிப் போட்ட சக்கையா என் பிள்ளை? சாவுதான் உயிரைச் செதுக்குற உளின்னா, அவன் செதுக்கி விழுந்த தூசியா? அப்படி ஒரு உலகத்துல என்னால ஒரு வாய் சோறு திங்க முடியாது. ஒவ்வொரு உயிரையும் ஒருத்தர் கையால செஞ்சார், பேர் சொல்லிச் செஞ்சார். ஸ்டான்லியையும் செஞ்சார். சாவுங்கிறது அப்புறம் வந்த திருடன். இதுதான் உண்மையா இருக்கணும்.”

“இருக்கணும்கிறதுக்காக இருந்திடாது சார்.”

“தெரியும்” என்றார் அவர். “அதுக்குத்தான் இங்க வந்து உக்காந்திருக்கேன்.”

ஜெசிந்தாவுக்கு ஒரு கணம் நெஞ்சு இளகியது. எழுந்து வெளியே போனாள். வராந்தாவில் நின்று, வாயைத் திறந்து திறந்து மூடிய ரோமால்டை நினைத்தாள். இளகியது திரும்பவும் இறுகியது. இவருடைய பிள்ளை தூசியாகிவிடக் கூடாது என்பதற்காக என் புருஷன் தூசியானானா? திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவள் முகத்தில் ஒன்றுமில்லை. எங்கே குத்த வேண்டும் என்பது இப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த வாரம் எண்ணெய் தீர்ந்தது. திரையில் கோடிக்கணக்கான புள்ளிகள் அணைந்தன. “செத்துப்போச்சு” என்றார் அவர், நிம்மதியோடு. “பாருங்க, தாண்டல.”

“பொறுங்க சார்.”

அணைந்த இருட்டின் ஓரத்தில், நடுப்பாதையில், நாலைந்து புள்ளிகள் துடித்துக்கொண்டிருந்தன. அவை பெருகின. கொழுப்பின் பக்கம் நகர்ந்தன. மறுநாள் அந்தப் பக்கம் முழுவதும் அவைதான். உருவம் வேறு, தீனி வேறு. எண்ணெய் ஊற்றினால் செத்தன. பழைய எண்ணெய்த்தின்னியோடு கலந்துவிட்டால் ஒன்றுக்கொன்று மரபணுவைப் பகிர்ந்துகொள்ளவும் முடியவில்லை. அது வேறொரு உயிர்.

“மறுபடி ஓட்டுங்க” என்றார் அவர். மறுபடி ஓட்டினார்கள். முத்திரை, சாவி எல்லாம் அவரிடமே. இந்த முறை வேறு வழியில் மாறியது, ஆனால் தாண்டியது. இன்னொரு தடவை என்றார். அதிலும் தாண்டியது. கடைசி முறை அவர் தொட்டியின் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். உதடுகள் அசைந்தன. ஜெபம் என்று அவளுக்குப் புரிந்தது. புள்ளிகள் அணைந்தன. பாதையில் நாலைந்து மட்டும் மிச்சமிருந்தன.

அவள் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். இத்தனை வருடம் இதற்காகத்தான் காத்திருந்தாள்.

“சார், அந்த மிச்சமிருக்கிறது எதனால பொழைச்சுதுன்னு திரையில பாருங்க. எழுத்துப் பிழை. ஒரே ஒரு எழுத்துப் பிழை. உங்க பையனுக்கு இருந்த மாதிரியேதான். ஒரு பிழை ஜெயிச்சுது. ஒரு பிழை செத்துது. யாரும் பேர் சொல்லிச் செய்யல. யாரும் பாத்துட்டு இருக்கல.”

அவர் திரும்பவில்லை. கண்ணாடியில் அவர் மூச்சு படிந்து படிந்து மறைந்தது. ரொம்ப நேரம் கழித்துச் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து அவள் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். டிபன் டப்பாவை மறந்துவிட்டார்.

சொன்ன சொல் தவறவில்லை. மறுவாரமே மன்றத்தைக் கூட்டி, தான் சொன்னது தவறென்று அறிவித்தார். கூட்டம் அவர்மேல் காறித் துப்பாத குறைதான். உடன் இருந்தவர்கள் துரோகி என்றார்கள். மன்றம் கலைந்தது. ஆலயத்தில் அவர் உட்கார்ந்த பெஞ்சில் பக்கத்தில் உட்கார ஆளில்லை. பிறகு அவரே போவதை நிறுத்திக்கொண்டார் என்று கேள்விப்பட்டாள். கேட்கக் கேட்க அவளுக்கு நன்றாயிருந்தது. வெகுநாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

சில மாதம் போயிருக்கும். ஆய்வுநிலையத்துக்கு ஒரு பெண் தேடி வந்தாள். வெள்ளைச் சேலை, நகை இல்லாத கழுத்து, கையில் குடை.

“நான் சுகிர்தா. ஞானசிகாமணி சம்சாரம்.”

திட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்து ஜெசிந்தா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதையும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

“உங்க வீட்டுக்காரர் பேரு ரோமால்ட்தானே டாக்டரம்மா?”

“ஆமா.”

“எனக்கு அந்தப் பேரு மனப்பாடம். இத்தனை வருஷமா தினம் விடியக்காலம் அவிய முழங்கால்ல நிப்பாவ. செத்துப்போன ஒவ்வொருத்தர் பேரா சொல்லி அழுவாவ. முதப் பேரு உங்க வீட்டுக்காரர் பேருதான். ‘என் கையில ரத்தம் இருக்கு ஆண்டவரே, நியாயத்தீர்ப்பு நாள்ல அந்த மனுஷன் முகத்தை நான் எப்படிப் பாப்பேன்’ன்னு கேப்பாவ. முழங்கால் ரெண்டும் காய்ச்சுப் போச்சு. சரியாத் தூங்கினதே இல்ல.”

ஜெசிந்தா கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். “இப்ப?”

“இப்ப நல்லாத் தூங்குதாவ” என்றாள் சுகிர்தா. “அதான் பயமா இருக்கு. ஒருதரம் வந்து பாருங்க.”

பாளையங்கோட்டையில் அந்த வீட்டு வாசலில் ரோஜாச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார் ஞானசிகாமணி. சற்றுச் சதை போட்டிருந்தார். முகத்தில் ஒரு தெளிவு. அவளைக் கண்டதும் குழாயை மூடிவிட்டு ஓடிவந்து வரவேற்றார்.

“வாங்கம்மா, வாங்க. நானே வந்து நன்றி சொல்லணும்னு இருந்தேன்.”

“நன்றியா?”

“பின்ன? எவ்வளவு பெரிய பாரத்தை இறக்கி வெச்சீங்க! நான் கொலைகாரன்னு நெனச்சுத் தினம் தினம் செத்தேன். எல்லாத்தையும் ஒருத்தர் மேல இருந்து பாத்துட்டு இருக்கார், கணக்குக் கேப்பார்னு நடுங்கினேன். யாரும் இல்லேன்னு காட்டிட்டீங்க. என் மூளை ஒரு மிருகத்தோட மூளை. குட்டி செத்த துக்கத்தைத் தாங்க அது ஒரு கதை கட்டிச்சு. அந்தக் கதையை வெச்சு ஒரு முடிவெடுத்தேன். கிருமி அதோட வேலையைப் பாத்துது, நான் என் வேலையைப் பாத்தேன். இதுல குத்தம் எங்க இருக்கு? யார்மேல இருக்கு?”

“நானூறு பேர் சார்.” அவள் குரல் உடைந்தது. “ரோமால்ட் சார்.”

“வருத்தம்தாம்மா” என்றார் அவர், பூகம்பத்தில் செத்தவர்களைப் பற்றிச் சொல்வது போல. “ஆனா வருத்தம் வேற, குத்தம் வேற.”

“நானும்தான் நம்பாதவ. எனக்குக் குத்த உணர்ச்சி இல்லையா? நாயை மிதிச்சாக்கூட எனக்குச் சோறு இறங்காதே. அதுக்குக் கடவுள் எதுக்கு?”

“உங்களுக்கு அப்படி வளந்திருக்கு. எனக்கு அந்த உணர்ச்சி அவர் ஒருத்தரை நம்பித்தான் இருந்துது” என்றார் அவர், மிக அன்பாக. “சுகிர்தா, அம்மாவுக்கு ஜூஸ் கொண்டா.”

ஜெசிந்தா குடிக்கவில்லை. எழுந்து வந்துவிட்டாள். வாசல்வரை கூடவே வந்த சுகிர்தா, “அவியளுக்காக இப்ப நான்தான் முழங்கால்ல நிக்கேன்” என்றாள். “ஆனா நான் எத்தனை நாள் இருப்பேன்?”

தூத்துக்குடிக்குத் திரும்பும் பேருந்தில் அவள் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு வந்தாள். உலகத்தில் ஒரே ஒரு நீதிமன்றம் அந்த ஆளைக் கூண்டில் நிறுத்தி வைத்திருந்தது. தினமும் விடியற்காலையில், ரோமால்டின் பெயரைச் சொல்லி. அதை அவள்தான் போய் இடித்துவிட்டு வந்திருக்கிறாள். ஆணையம் விடுவித்ததைவிட முழுசாக அவள் விடுவித்துவிட்டாள்.

இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. கடற்கரை ஓரத்து மாதா கோயிலுக்குள் போனாள். ரோமால்டை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு அந்தப் படியை அவள் மிதித்ததில்லை. மத்தியான வெயிலில் கோயில் காலியாகக் கிடந்தது. வாசலில் மெழுகுவர்த்தி விற்ற அம்மாள், “யார் பேருக்கும்மா?” என்று கேட்டாள்.

“ஞானசிகாமணி.”

மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்தாள். முழங்காலில் நின்றாள். நிற்கப் பழக்கமில்லாமல் வலித்தது. அவளுக்கு எல்லாம் தெரியும். மூளை எப்படிக் கதை கட்டும், துக்கம் எதையெல்லாம் கேட்கும் என்று தெரியும். தெரிந்துகொண்டேதான் கைகளைக் குவித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, பீடத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள்:

“ஆண்டவரே, நீர் இரும். அந்த ஆளுக்காகவாவது இரும்.”